சாச்ரோவுக்குப் போன மகாராஜா

1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியப் படையினர் ஹெலிகாப்டர்களிலிருந்து இறக்கப்பட்ட இரவைப் பற்றிப் படிக்கிற எவரும் 10-ஆவது பாராசூட் கமாண்டோ பட்டாலியன் என்ற பெயரைக் கடந்துதான் வர வேண்டும். அந்தப் பட்டாலியனின் பழைய வரலாற்றைத் தேடிக்கொண்டு போனபோது, பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு அதன் தளபதியாக இருந்தவர் ஜெய்ப்பூரின் மகாராஜா சவாய் பவானி சிங் என்று அறிந்தேன். அரச குடும்பத்தாருக்கு மரியாதைக்காக வழங்கப்படும் அலங்காரப் பதவிகளில் ஒன்றல்ல அது. 1971 போரில் பாகிஸ்தான் எல்லைக்குள் பல மைல் தூரம் ஊடுருவிச் சென்று சாச்ரோ என்ற ஊரைத் தாக்கிய படையை அவரே முன்னின்று நடத்தி, அதற்காக மகாவீர் சக்ரா என்ற வீர விருதைப் பெற்றார். அவருடைய வாழ்க்கையைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. எனவே இந்தப் பதிவு.

பவானி சிங் 1931 அக்டோபர் 22 அன்று பிறந்தார். தந்தை மகாராஜா இரண்டாம் சவாய் மான் சிங். தாய் ஜோத்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த மருதர் கன்வர். மான் சிங் அந்த அரண்மனையில் பிறந்தவர் அல்லர். இசர்தா என்ற சிறு ஜமீனிலிருந்து தத்தெடுக்கப்பட்டவர். அவருக்கு முன் ஆண்ட மாதோ சிங்கும் அதே இசர்தாவிலிருந்து வந்த தத்துப்பிள்ளையே. ஆளும் மகாராஜாவுக்கு ஆண் குழந்தை பிறப்பது என்பதையே ஜெய்ப்பூர் மறந்திருந்த காலத்தில் இவர் பிறந்ததால், அரண்மனையில் ஷாம்பெயின் ஆறாக ஓடியதாம். அந்தக் கொண்டாட்டத்தின் நுரையை வைத்து ஓர் ஆங்கிலேயச் செவிலி 'பபிள்ஸ்' என்று அழைக்க, எண்பதை நெருங்கிய வயதிலும் நெருங்கியவர்களுக்கு அவர் பபிள்ஸாகவே இருந்தார் என்று சொல்வார்கள். டேராடூனின் டூன் பள்ளி, பிறகு இங்கிலாந்தின் ஹாரோ பள்ளி என்று படிப்பும் அந்தக் காலத்து ராஜகுமாரர்களுக்கு விதிக்கப்பட்ட பாதையிலேயே போயிற்று.

ஜெய்ப்பூர் அரச குடும்பமான கச்வாஹா குலத்துக்குப் போர்த்தொழில் புதிதன்று. அக்பரின் தளபதியாக ஹல்திகாட்டியில் போரிட்ட ராஜா மான் சிங்கும், ஔரங்கசீப்புக்காகப் படை நடத்தி 1665-இல் சிவாஜியைப் புரந்தர் உடன்படிக்கைக்குக் கொண்டுவந்த மிர்சா ராஜா ஜெய் சிங்கும் இந்தக் குடும்பத்தின் முன்னோர்கள். தந்தை மான் சிங்கும் இங்கிலாந்தின் உல்விச் ராணுவக் கல்லூரியில் பயின்றவர். சவாய் மான் கார்ட்ஸ் என்ற சொந்தக் காலாட்படையை உருவாக்கியவர். ஆனால் 1949-இல் ஜெய்ப்பூர் ராஜஸ்தானில் இணைந்தபோது பவானி சிங்குக்கு வயது பதினேழு. சமஸ்தானத்துப் படைகள் இந்திய ராணுவத்தோடு கலந்துவிட்டன. முன்னோர்களைப்போலச் சொந்தக் கொடியின் கீழ்ப் போரிடும் வாய்ப்பு இவருக்கு இல்லை. 1951-இல் 3-ஆவது கவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவில் சாதாரண செகண்ட் லெப்டினன்ட்டாக அவர் சேர்ந்தது குடியரசின் ராணுவத்தில்தான்.

அவருடைய ராணுவ வாழ்க்கையின் முதல் பாதியை நான் பெரிதாகப் போற்றமாட்டேன். 1954-இல் குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 வரை அங்கேயே இருந்தார். 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் காசியில் தொடங்கப்பட்ட அந்தப் படைக்கு உயரமான வீரர்களும், ஒரே நிறக் குதிரைகளும், தலைப்பாகையும், ஈட்டியும் அடையாளம். ராஜேந்திர பிரசாத் காலத்தில் சேர்ந்தவர், திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராக வந்த பிறகும் அங்கேதான் இருந்தார். போலோ மைதானத்தில் வளர்ந்த ஒரு ராஜகுமாரனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்திருக்காது என்பதுதான் இதிலுள்ள குறை. அவர் அப்படியே ஓய்வு பெற்றிருந்தால், குதிரைமேல் அழகாக அமர்ந்திருக்கும் இளவரசர் ஒருவரின் புகைப்படங்கள் மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கும்.

மாற்றம் 1963-இல் தொடங்குகிறது. முப்பதைக் கடந்த வயதில் 50-ஆவது பாராசூட் பிரிகேடுக்குச் செல்கிறார். அடுத்த ஆண்டிலிருந்து 1967 வரை டேராடூன் இந்திய ராணுவ அகாதமியில் அஜுடன்ட். பயிற்சி பெறும் இளைஞர்களின் அணிநடைக்கும் ஒழுங்குக்கும் பொறுப்பானவர் அவரே. அணிவகுப்பு மைதானத்தில் குதிரைமேல் வரும் அஜுடன்ட்டின் கண்ணில் படாத தளர்ந்த பொத்தான் கிடையாது என்பது அங்கே பயின்றவர்கள் சொல்லும் கதை. 1967-இல் அந்தப் பொறுப்பு முடிந்தபோது, அப்போதுதான் பிறந்திருந்த ஒரு படைப்பிரிவுக்குத் தாமாகவே முன்வந்து போனார்.

அந்தப் படைப்பிரிவின் பிறப்பும் சுவையானது. 1965 போரின்போது மேஜர் மேக் சிங் என்ற அதிகாரி சில வீரர்களைச் சேர்த்துக்கொண்டு, எதிரியின் பின்புறம் ஊடுருவிச் சென்று பாலங்களையும் முகாம்களையும் தாக்கினார். மேக்தூத் படை என்று பெயர்பெற்ற அந்தச் சிறு குழுவின் வெற்றியே 1966-இல் 9-ஆவது பாராசூட் கமாண்டோ பட்டாலியனாக உருவெடுத்தது. மலைப்போருக்கு ஒன்றும் பாலைவனப் போருக்கு ஒன்றும் வேண்டும் என்று கருதி, அடுத்த ஆண்டே அதைப் பிரித்து 10-ஆவது பட்டாலியனை அமைத்தார்கள். தார் பாலைவனம் இரண்டாவதன் பங்கு. பாலைவனத் தேள் என்பது பிற்காலத்தில் அதற்கு அமைந்த பெயர். பவானி சிங் அதன் துணைத் தளபதியாகச் சேர்ந்து, 1968-இல் தளபதியானார். ராஜஸ்தானத்து மணலில் போரிடவென்றே உருவான படைக்கு ராஜஸ்தானத்து ராஜபுத்திரர் ஒருவர் தலைவரானது பொருத்தம்தான். ஆனால் முப்பத்தைந்து வயதுக்குமேல் கமாண்டோ பயிற்சிக்கு வந்து நிற்பது பிறப்பால் கிடைக்கும் சலுகை இல்லை. பாராசூட்டுக்கு மகாராஜா யார், சிப்பாய் யார் என்று தெரியாது.

1970 ஜூன் 24 அன்று இங்கிலாந்தின் சிரன்செஸ்டரில் போலோ ஆடிக்கொண்டிருந்தபோது மான் சிங் இறந்தார். பவானி சிங் ஜெய்ப்பூரின் மகாராஜா ஆனார். ஆட்சி இல்லாவிட்டாலும், அரண்மனைகள், நிலங்கள், மாற்றாந்தாய் காயத்ரி தேவி, மூன்று தம்பியர் என்று பெரிய குடும்பத்தின் பொறுப்பு தோளில் விழுந்தது. ராணுவத்தை விட்டு விலகுவதற்கு இதைவிட நல்ல காரணம் தேவைப்பட்டிருக்காது. அவர் விலகவில்லை.

அதே நேரத்தில் டெல்லியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மன்னர்களுக்குப் பட்டங்களும் மானியமும் கூடாது என்பதில் இந்திரா காந்தி உறுதியாக இருந்தார். 1970 செப்டம்பரில் அதற்கான மசோதா மாநிலங்களவையில் ஒரே ஒரு வாக்குக் குறைவால் தோற்றது. உடனே குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்றின் மூலம் எல்லா மன்னர்களின் அங்கீகாரமும் பறிக்கப்பட்டது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. பட்டத்துக்கு வந்து ஆறே மாதத்தில் பவானி சிங் சட்டப்படி மகாராஜாவாக இருந்து, இல்லாமற்போய், மறுபடியும் மகாராஜா ஆனார். 1971 தேர்தலில் பெரும் வெற்றி பெற்று வந்த இந்திரா, இம்முறை அரசியலமைப்பையே திருத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். காயத்ரி தேவியோ ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியின் சார்பில் ஜெய்ப்பூரில் தொடர்ந்து மூன்று முறை வென்ற மக்களவை உறுப்பினர். இந்திராவுக்கு அவரைப் பிடிக்காது என்பது ஊரறிந்த செய்தி. இந்தப் பகைக்கும் தமது சீருடைக்கும் தொடர்பில்லை என்பதுபோல, பவானி சிங் தம் படையோடு பாலைவனத்தில் இருந்தார்.

1971 டிசம்பர் 2 அன்று மக்களவை அந்தத் திருத்தத்தை நிறைவேற்றியது. மறுநாள் மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்க, போர் மூண்டது. டிசம்பர் 9 அன்று மாநிலங்களவையும் திருத்தத்தை ஏற்றது. இந்த இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட நாட்களில்தான் சாச்ரோ தாக்குதல் நடந்தது.

சாச்ரோ, சிந்து மாகாணத்தின் தார்பார்க்கர் மாவட்டத்தில் உள்ள சிறு நகரம். எல்லையிலிருந்து ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வழியெல்லாம் மணற்குன்றுகள். பாகிஸ்தான் ரேஞ்சர்ஸ் படை அங்கே நிலைகொண்டிருந்தது. ராஜஸ்தானின் எல்லையோரப் பார்மேர் பகுதியிலிருந்து முன்னேறிய இந்தியத் தரைப்படைக்கு முன்பாக, எதிரி எதிர்பாராத ஆழத்தில் அடித்து அவனுடைய பின்புறத்தைக் குலைப்பதே கமாண்டோக்களுக்குத் தரப்பட்ட வேலை. ஆல்ஃபா, சார்லி என்ற இரண்டு அணிகள் ஜீப்புகளிலும், நம் ராணுவத்தில் ஜோங்கா என்று அறியப்பட்ட சற்றே பெரிய வண்டிகளிலும் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்திக்கொண்டு இரவில் எல்லையைக் கடந்தன.

இத்தகைய ஊடுருவலில் சுடுவது கடைசி வேலை. அதற்கு முன்பே பாதிப் போர் முடிந்துவிடும். எண்பது கிலோமீட்டர் உள்ளே போகிற வண்டி, திரும்பி வருவதற்கான பெட்ரோலையும் குடிநீரையும் தோட்டாக்களையும் தானே சுமந்தாக வேண்டும். சுமை கூடினால் சக்கரம் மணலில் புதையும். முன்விளக்கைப் போட முடியாது. குன்றுகள் காற்றில் இடம் மாறுவதால் வரைபடத்தையும் முழுக்க நம்ப முடியாது. விடிந்த பிறகும் திறந்த மணலில் நிற்கிற வண்டி, விமானத்துக்கு எளிய இலக்கு. இதே வாரத்தில் இதே பாலைவனத்தின் வடபகுதியில், லோங்கேவாலாவை நோக்கி வந்த பாகிஸ்தான் டாங்கிகள் மணலில் சிக்கி, விடிந்ததும் இந்திய ஹன்டர் விமானங்களுக்கு இரையானதை நினைத்துப் பார்த்தால், மணலைப் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். பவானி சிங்கின் படை அந்த மணலில் நான்கு ஆண்டுகள் பயிற்சி செய்திருந்தது.

வழிகாட்டிகளைப் பற்றிப் பார்மேர் வட்டாரத்தில் இன்றும் ஒரு கதை சொல்கிறார்கள். பல்வந்த் சிங் பாக்காசர் என்ற பெயர்பெற்ற கொள்ளைக்காரர் ஒருவர் எல்லையின் இருபுறமும் ஒட்டகத்தில் திரிந்து, ஒவ்வொரு கிணற்றையும் ஒற்றையடித் தடத்தையும் அறிந்து வைத்திருந்தார். பவானி சிங் அவரிடமே உதவி கேட்டார் என்றும், அவருடைய ஆட்கள் படைக்கு வழிகாட்டினார்கள் என்றும், போருக்குப் பிறகு அவர்மேலிருந்த வழக்குகளை அரசு கைவிட்டது என்றும் சொல்கிறார்கள். நாட்டார் கதைக்குரிய மெருகு இதில் ஏறியிருக்கலாம். ஆனாலும் போலீஸ் தேடும் ஒருவரை ராணுவத் தளபதி ஒருவர் நேரில் அணுக முடிந்ததற்கு அந்தத் தளபதி ஜெய்ப்பூர் மகாராஜாவாகவும் இருந்தது காரணம் என்று தோன்றுகிறது. அவருடைய பிறப்பு அவருடைய தொழிலுக்கு உண்மையாகவே உதவிய ஓர் இடம் இருக்குமானால், அது இதுதான்.

டிசம்பர் 7 அதிகாலையில் சாச்ரோ விழுந்தது. அடுத்து, தெற்கே வீராவா. நான்கு பகலும் நான்கு இரவும் தம் பாதுகாப்பையோ வசதியையோ கருதாமல் முன்நின்று நடத்தினார் என்றும், ஏராளமான கைதிகளும் கருவிகளும் பிடிபடுவதற்கு அவருடைய தலைமையே காரணம் என்றும் மகாவீர் சக்ராவுக்கான பாராட்டுரை கூறுகிறது. பரம் வீர் சக்ராவுக்கு அடுத்த நிலையில் உள்ள விருது அது. 'சாச்ரோ 1971' என்பது 10-ஆவது பட்டாலியனின் போர்ச் சிறப்புப் பெயராயிற்று.

வெற்றியின் அளவை மிகைப்படுத்தவும் கூடாது. போரின் முடிவு டாக்காவில் தீர்மானிக்கப்பட்டது, சிந்துப் பாலைவனத்தில் அல்ல. 1972 ஜூலையில் கையெழுத்தான சிம்லா ஒப்பந்தத்தின்படி சாச்ரோ உட்படப் பிடித்த நிலமெல்லாம் பாகிஸ்தானுக்கே திரும்பியது. இதற்கிடையே தார்பார்க்கரில் வாழ்ந்த இந்துக்கள் பல்லாயிரக்கணக்கில் இந்தியப் பக்கம் வந்துவிட்டார்கள். அவர்களில் சோடா ராஜபுத்திரர்களுக்கு எல்லைக்கு இப்பால் கொள்வினை கொடுப்பினை இருந்தது. நிலம் திரும்பிப் போனது, அவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகவில்லை. ராணுவ வரலாறுகள் சாச்ரோவை ஒரு தாக்குதலாக மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பார்மேரில் குடியேறிய குடும்பங்களுக்கு அது ஊரை விட்டு வந்த ஆண்டின் பெயர்.

போர் முடிந்து ஜெய்ப்பூர் திரும்பிய தளபதிக்கு நகரம் பெரிய வரவேற்பு அளித்தது. டிசம்பர் 28 அன்று குடியரசுத் தலைவர் திருத்தத்தில் கையெழுத்திட்டார். தந்தைக்கு ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாயாக இருந்த மானியம் நின்றது. மகாராஜா என்ற பட்டம் சட்டத்தின் பார்வையில் மறைந்தது. லெப்டினன்ட் கர்னல் என்ற பதவி மட்டும் அப்படியே இருந்தது. மன்னர் மானிய ஒழிப்பு சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். பிறந்த வீட்டுக்காக ஒருவருக்கு அரசுக் கருவூலத்திலிருந்து வரியில்லாப் பணம் தருவதற்கு ஏழை நாட்டில் நியாயம் கிடையாது. இருந்தாலும் அந்த டிசம்பரில் கொடுத்ததையும் எடுத்ததையும் ஒரே அரசு ஒரே ஆளுக்குச் செய்தது என்பதைக் குறிப்பிடாமல் போக முடியவில்லை.

அதிக காலம் தாமதிக்காமல் அவர் விருப்ப ஓய்வு பெற்றார். அதற்குப் பின் நடந்தது கசப்பானது. 1975 தொடக்கத்தில் ஜெய்ப்பூர் அரண்மனைகளில் வருமான வரிச் சோதனை. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும், ஜூலை இறுதியில் காயத்ரி தேவியும் பவானி சிங்கும் அந்நியச் செலாவணி, கடத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைதாகித் திகார் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். வெளிநாட்டுப் பயணத்தில் மிஞ்சிய சில்லறைப் பவுண்டுகள்தான் அவர்மேலிருந்த குற்றச்சாட்டின் சாரம் என்று குடும்பத்தினர் சொல்லிவந்தனர். மகாவீர் சக்ரா பெற்று நான்காண்டுகூட ஆகாத ஒருவரை விசாரணையின்றி அடைத்து வைத்ததற்கு அதிகாரத்தின் வன்மம் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 1976-இல் ஜெய்கர் கோட்டையில் முன்னோர் புதைத்த புதையல் இருக்கிறது என்று சொல்லி மாதக்கணக்கில் தோண்டினார்கள். அந்த வேலைக்கு ராணுவத்தினரையே பயன்படுத்தினார்கள். எதிர்பார்த்த புதையல் எதுவும் கிடைக்கவில்லை என்று அரசு அறிவித்தது. தோண்டிக்கொண்டிருந்தபோதே, பிரிவினைக்கு முந்தைய சொத்து என்பதால் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று பாகிஸ்தான் பிரதமர் புட்டோ இந்திராவுக்குக் கடிதம் எழுதியது, துயரத்துக்கு நடுவே வந்த நகைச்சுவை.

பழைய படைப்பிரிவுடனான தொடர்பு அறுபடவில்லை என்பதை 1987 காட்டியது. இந்திய அமைதிப்படை விடுதலைப் புலிகளோடு மோதத் தொடங்கிய நாட்களில், அக்டோபர் 11 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பகுதியில் புலிகளின் தலைமையைச் சுற்றிவளைக்கும் திட்டத்தோடு 10-ஆவது பட்டாலியனின் கமாண்டோக்களும் 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் முப்பது வீரர்களும் இறக்கப்பட்டார்கள். திட்டத்தைப் புலிகள் முன்னரே அறிந்திருந்தார்கள். சீக்கிய வீரர்களில் இருபத்தொன்பது பேர் இறந்தனர், ஒருவர் பிடிபட்டார். கொக்குவில் பக்கமாக நகர்ந்த கமாண்டோக்கள் வீடுகளுக்குள் நிலையெடுத்துச் சண்டையிட, ரயில் தண்டவாளத்தின் வழியே வந்த டாங்கிகள் அவர்களை மீட்டன. இந்த நடவடிக்கைக்கு மிகக் கொடிய விலை கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்கள். பிரம்படியில் பொதுமக்கள் பலர் அந்த நாட்களில் கொல்லப்பட்டதை யாழ்ப்பாணம் மறக்கவில்லை.

அடிபட்ட படையினரின் மனத்தைத் தேற்றுவதற்கு, பிரதமர் ராஜீவ் காந்தி பவானி சிங்கை இலங்கைக்குச் சென்றுவரக் கேட்டுக்கொண்டார். தம்மைச் சிறைவைத்தவரின் மகன் கேட்கிறார் என்று அவர் மறுக்கவில்லை. ஓய்வுபெற்று ஆண்டுகள் பல ஆகியிருந்த ஐம்பத்தாறு வயது மனிதர் ஒருவர் போர்க்களத்துக்குப் போய் வீரர்களோடு பேசிவிட்டு வந்தார். அதற்காகக் கௌரவ பிரிகேடியர் பதவி வழங்கப்பட்டது. சாச்ரோவில் வென்ற படை அது. சொந்த மண்ணின் பாலைவனத்தை அறிந்திருந்த அந்தப் படைக்கு, மொழியும் தெருவும் மனிதர்களும் தெரியாத நெருக்கமான குடியிருப்பில் என்ன வேலை என்ற கேள்வியை டெல்லியில் யாரும் உரிய நேரத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. தளபதிகளின் வீரத்தால் தீர்க்கக்கூடிய சிக்கலும் அல்ல அது.

அரசியல் அவருக்கு ஒத்துவரவில்லை. 1989 மக்களவைத் தேர்தலில் ஜெய்ப்பூரில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று, பாரதிய ஜனதாவின் கிர்தாரி லால் பார்கவாவிடம் தோற்றார். காயத்ரி தேவி மும்முறை வென்ற தொகுதி அது. 1990-களில் புருனேயில் இந்தியத் தூதராகப் பணிபுரிந்தார். தம்பியரோடும் மற்ற உறவினரோடும் சொத்து வழக்குகள் நீண்டுகொண்டே போயின. அவற்றின் விவரம் இங்கே தேவையில்லை.

பவானி சிங்குக்கும் பத்மினி தேவிக்கும் ஒரே மகள், தியா குமாரி; இப்போது ராஜஸ்தானின் துணை முதல்வர். ஆண் வாரிசு இல்லாததால், 2002-இல் மகளின் மகனான பத்மநாப் சிங்கைப் பவானி சிங் தத்தெடுத்தார். 2011 ஏப்ரலில் குருகிராமில் காலமானபோது அவருக்கு வயது எழுபத்தொன்பது. குடும்பத்தின் நினைவு மண்டபங்கள் இருக்கும் கைத்தோரில், ராணுவ மரியாதையுடன் உடல் எரியூட்டப்பட்டது. செய்தித்தாள்கள் அவர் பெயருக்கு முன்னால் மகாராஜா என்றும் பிரிகேடியர் என்றும் இரண்டையும் சேர்த்தே அச்சிட்டிருந்தன. பன்னிரண்டு வயதுப் பேரன் அடுத்த மகாராஜாவாகத் தலைப்பாகை கட்டிக்கொண்டான். அவன் இப்போது போலோ ஆட்டக்காரன், ராணுவத்தில் சேரவில்லை.